வாய்க்கும் மதிப்பெண் கொடுங்கள்: ஆங்கிலப் பாடநூல் குழுவுக்கும் தேர்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும் தேர்வுத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பாடத்திட்டம் மாறப் போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதல் அடி மனப்பாடத்துக்குத்தான் விழும். ‘மனப்பாடக் கல்விக்கு முற்றுப்புள்ளி’ என்று கொட்டை எழுத்தில் செய்தி வரும். மேடையில் கைதட்டல் வேண்டும் என்றால் மனப்பாடத்தை நாலு சாத்து சாத்தினால் போதும். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியான பிறகு அந்தப் பேச்சு மறுபடியும் காதில் விழுகிறது. நான் செய்யாறு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். மற்ற பாடங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் விஷயத்தில் மட்டும் மனப்பாடத்தின் பக்கம் நின்று வாதாட வந்திருக்கிறேன்.

நம் வகுப்பறையில் மனப்பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பாடப் பாடலுக்கு 5 மதிப்பெண். அது வெளிப்படையான மனப்பாடம். பத்தி வினா, கடிதம், விளம்பரம் எல்லாம் மறைமுக மனப்பாடம். மெல்லக் கற்போருக்கான கையேடுகளில் ‘பொதுப் பத்தி’ என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். எந்தக் கவிதை வந்தாலும் தலைப்பையும் கவிஞர் பெயரையும் மாற்றிவிட்டு அதே சில வரிகளை எழுதிவிடலாம். கவிஞர் இயற்கையைப் பாடினாலும் இயந்திரத்தைப் பாடினாலும் ‘மிக அழகாக வர்ணிக்கிறார்’. முப்பத்தைந்தைத் தொடவே திணறும் பிள்ளையைக் கரையேற்ற அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியை உலகத்தில் யாரிடமும் அவன் பேசப் போவதில்லை.

அதே தாளில் வழி சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. சின்னதாக ஒரு வரைபடம் அச்சடித்திருக்கும். ஊருக்குப் புதியவர் ஒருவருக்கு மருத்துவமனைக்கோ தபால் நிலையத்துக்கோ வழி எழுத வேண்டும். 2 மதிப்பெண். சுமாராகப் படிக்கிறவர்கள்கூட விடாமல் எழுதும் கேள்வி இது. ‘கோ ஸ்ட்ரெய்ட். டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட். வாக் பாஸ்ட் த பேங்க். த ஹாஸ்பிட்டல் இஸ் ஆன் யுவர் ரைட்.’ நாலு வரி, நாலும் நல்ல ஆங்கிலம்.

எங்கள் பள்ளி வாசலில் ஒரு நாள் வெளிமாநில எண் போட்ட கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் சிப்காட்டுக்கு வழி கேட்டார், ஆங்கிலத்தில். வாசலில் நின்றவன் அந்தக் கேள்விக்கு எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிற பையன். கையை நீட்டி, ‘ஸ்ட்ரெய்ட்டு சார்... ஸ்ட்ரெய்ட்டு... அப்புறம்...’ என்று சொல்லிவிட்டு, இடது கையை மடக்கிக் காட்டினான். அவரும் புரிந்துகொண்டு, சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போனார். வழி சரியாகத்தான் சொன்னான். ‘டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்’ அவனுக்கு அத்துப்படி. நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். வாய் வழியாக அது ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை, அவ்வளவுதான். மனப்பாடம் செய்ததால் வந்த குறை இல்லை இது. அதைக் கையால் மட்டும் செய்ய வைத்ததால் வந்த குறை.

வாயால் சொல்ல வைப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். வைக்கிறோம், கூட்டமாக. வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்ததும் நாற்பது ஐம்பது குரல் ஒன்றாக எழுந்து ‘குட்... மா...ர்னிங்... சா...ர்’ என்று இழுக்கும். அந்த ராகம் கும்மிடிப்பூண்டி முதல் கன்னியாகுமரி வரை ஒன்றுதான், மெட்டுப் போட்ட புண்ணியவான் யாரோ. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாள் தவறாமல் சொல்கிறார்கள். அதே பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தனியாகப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிரிப்போடு சரி. கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வது பாட்டாகப் போய்விடுகிறது. அதை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. ஆகவே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன் என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். யாரிடம் சொல்ல வைத்தீர்கள், எதற்குப் பதிலாகச் சொல்ல வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

நம் பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே திக்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முந்தின நாள் வராத பையனிடம் ஆங்கிலத்தில் காரணம் கேட்கிறேன். அவன் தலைக்குள் தமிழ் வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘நேத்து காய்ச்சல், அதனால வரல சார்.’ அந்த வரிசையிலேயே ஆங்கிலச் சொற்களை எடுத்து வைக்கிறான்: ‘எஸ்டர்டே... ஃபீவர் சார்... நோ கம் சார்.’ தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை யோசிக்க அவகாசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று வாயைத் திறந்த மறுகணமே வினையை இறக்கியாக வேண்டும். அதுவும் காலத்தோடு, எதிர்மறையாக இருந்தால் துணைவினையோடு. ‘டிட் நாட்’ போடுவதா ‘குட் நாட்’ போடுவதா, அதற்கு அப்புறம் ‘கேம்’ வருமா ‘கம்’ வருமா, இத்தனையும் ஒரு மூச்சுக்குள் முடிவாக வேண்டும். விதி அவனுக்குத் தெரியாமல் இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவான். விதியைத் தேடி எடுத்து, பொருத்திப் பார்த்து, பிறகு பேசுவது என்றால் அதுவரை எதிரில் இருப்பவர் காத்திருக்க மாட்டார்.

‘சாரி சார், ஐ குடன்ட் கம் எஸ்டர்டே. ஐ ஹேட் எ ஃபீவர்.’ இந்த இரண்டு வரியும் அவன் நாக்கில் முழுசாக ஏறியிருந்தால் அவன் யோசிக்க வேண்டியது ‘ஃபீவர்’ என்ற ஒரு சொல்லைத்தான். அடுத்த வாரம் அது ‘ஹெட்ஏக்’ ஆகும். அடுத்த மாதம் ‘கம்’ இருந்த இடத்தில் ‘ஃபினிஷ் த ஹோம்ஒர்க்’ வந்து உட்காரும். சட்டகம் நாக்கில், சொல் மட்டும் தலையில். அப்படியிருந்தால்தான் எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1983-இல் ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்சிஸ் சைடர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் எழுதிய கட்டுரை ஆங்கிலம் கற்பிப்பவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டிப் பேசுவதில்லை, ஏராளமான தொடர்களை முழுசாக நினைவில் வைத்திருந்து எடுத்துவிடுகிறார்கள், அவர்கள் சரளமாகப் பேசுவதற்குப் பெரிய காரணம் அதுதான் என்பது அவர்கள் வாதம். நமக்கு இது புதிதா என்ன? ‘போயிட்டு வர்றேன்’, ‘அப்புறம் என்ன விசேஷம்’, ‘நீங்க பாத்து ஏதாவது பண்ணுங்க’ என்பதையெல்லாம் எழுவாய், பயனிலை பார்த்தா அமைக்கிறோம்? சீனாவில் டிங் யான்ரென் என்ற ஆய்வாளர், தேசிய அளவிலான ஆங்கிலப் பேச்சு, விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கிய மூன்று மாணவர்களிடம் எப்படிக் கற்றார்கள் என்று விசாரித்து 2007-இல் எழுதினார். பாடங்களையும் திரைப்பட வசனங்களையும் கேட்டு, அதே உச்சரிப்பில் திரும்பச் சொல்லி, மனப்பாடம் செய்ததைத்தான் மூவரும் காரணமாகச் சொன்னார்கள். தொடக்கத்தில் வேண்டாவெறுப்பாகச் செய்தது, பின்னால் தாங்களே விரும்பிச் செய்யும் பழக்கமாகிவிட்டதாம்.

சாட்சிக்குச் சீனா வரைக்கும் போக வேண்டாம், மாமல்லபுரம் போனால் போதும். ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் கல்சிலையும் பாசிமணியும் விற்கிறவர்களிடம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ‘ஹலோ மேடம், வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று ஆரம்பிப்பார். ஃபிரான்ஸ் என்றால் ஒரு பதில், ஆஸ்திரேலியா என்றால் இன்னொரு பதில். ‘நோ, தேங்க்யூ’ என்று நகர்ந்தால், ‘ஜஸ்ட் லுக் மேடம், லுக்கிங் இஸ் ஃப்ரீ.’ விலையைக் கேட்டு அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினால், ‘ஓகே, யூ டெல் மீ யுவர் பிரைஸ்.’ இலக்கணம் அங்கங்கே நொண்டும், பேச்சு நிற்காது. நாள் முழுக்க அவர் சொல்வது அதே இருபது முப்பது வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிரில் வேறு ஆள், வேறு பதில். வியாபாரம் படிந்தால்தான் சாயங்காலம் வீட்டுக்குக் காசு. அவர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு படித்தாரோ தெரியாது. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு செயப்பாட்டு வினையிலிருந்து அயற்கூற்று வரை எல்லாம் தெரியும். வழி சொல்ல மட்டும் தெரியாது.

திரும்பச் சொல்லும் பயிற்சியை நம் மாநிலம் ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. 1950-களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்குப் புது முறையில் பயிற்சி கொடுக்கக் கிளம்பினார்கள். முதலில் சிலருக்கு, அவர்கள் மூலம் பலருக்கு, அந்தப் பலர் மூலம் எல்லாருக்கும் என்பது திட்டம். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து மாதிரி என்பதால் மெட்ராஸ் ஸ்னோபால் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லச் சொல்லிப் பழக்குவது அந்த முறை. அந்தக் காலத்து வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார், திறந்துகொண்டே ‘ஐ ஆம் ஓப்பனிங் த டோர்’ என்பார், வகுப்பு முழுக்கப் பின்பாட்டுப் பாடும். வாய்க்குப் பயிற்சி கிடைத்தது உண்மை. ஆனால் தான் கதவைத் திறப்பதை வாய்விட்டு அறிவித்தபடி கதவைத் திறக்கிறவர் உலகத்தில் யார் இருக்கிறார்? அந்த வாக்கியம் யாருக்கும் பதில் இல்லை, யாரிடமும் கேள்வியும் இல்லை. வாழ்க்கையில் அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்காது.

அப்புறம் அதற்கு எதிர்வினை வந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும், சென்னை, கடலூர் போன்ற ஊர்களிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வாக்கியப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் கையில் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார். அதை வைத்து யோசித்து விடை கண்டுபிடிக்க வேண்டும். கவனம் விடையில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. உலகம் முழுக்க இன்றும் பேசப்படும் சோதனை அது. வினாத்தாளில் இருக்கும் வழி சொல்லும் கேள்வி அந்தப் பரம்பரையில் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றும். பிரபு மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள், பொருளில்லாத வாக்கியத்தைத் திரும்பச் சொல்வது வீண் என்பதோடு நிற்காமல், திரும்பச் சொல்வதே வீண் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் நாம் தடம் மாறினோம். ‘டிஸ்கஸ் வித் யுவர் பார்ட்னர்’ என்று பாடநூலில் அச்சடித்தாகிவிட்டது. விவாதிக்க வாக்கியம்? அதை எங்கிருந்து எடுப்பான்? பக்கத்தில் இருக்கும் பார்ட்னரிடமும் அதே வறுமை.

எங்கள் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பாட்டும் விருத்தமும் வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டுப் பாடம் பண்ணியது. நடுவில் வரும் பேச்சு அப்படி இல்லை. கட்டியங்காரன் ஊருக்கு ஏற்ப, முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு ஏற்ப, அந்தந்த நேரத்தில் அடித்துவிடுவார். அந்தச் சமயோசிதத்துக்குத் தைரியம் கொடுப்பது பாடம் பண்ணி வைத்திருக்கும் சரக்குதான். பேச்சு எங்கே போனாலும் திரும்பி வந்து பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு பாட்டு இருக்கிறது.

சரி, என்னதான் கேட்கிறேன்?

பாடநூல் குழுவினரே, வாரத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 30 குட்டி உரையாடல்கள் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எட்டு வரி, இரண்டு பேர் பேசுவது. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தால் பத்தாம் வகுப்பை முடிக்கும்போது பிள்ளை கையில் 150 இருக்கும். சொற்பொழிவு வேண்டாம். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டால் ஒப்பிக்க ஒரு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஊர் பெயர், அப்பா தொழில், பிடித்த பொழுதுபோக்கு என்று மடமடவென்று வரும். இடையில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் போதும், ரயில் தடம் இறங்கிவிடும். நீளமான ஒப்பிப்புக்கு எப்போதும் அந்தக் கதிதான். கேள்வியும் பதிலுமாகப் படித்தால் இடையில் வெட்டினாலும் பிழைக்கும். நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்த பிறகு கல்லூரியில் இதற்கெல்லாம் பயிற்சி கிடைக்கிறது, நல்லது. ஆனால் இருபது வயதில் நாக்கைப் பழக்குவதைவிடப் பதினோரு வயதில் பழக்குவது சுலபம். வெட்கம் அப்போது குறைவு.

எந்தச் சூழல்களை எழுதுவது என்பதில் கொஞ்சம் தயவு பண்ணுங்கள். காய்கறி வாங்குவதை எழுதாதீர்கள். செய்யாறு சந்தையில் கத்தரிக்காயை ஆங்கிலத்தில் வாங்குகிறவர் யாருமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நிஜமாகவே தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் வெளிமாநில மேற்பார்வையாளரிடம் விடுப்பு கேட்பது. ரயிலில் ‘இது என் படுக்கை’ என்று ஒருவரிடம் சண்டை வராமல் சொல்வது. வேலூரில் பெரிய மருத்துவமனைக்குப் பாட்டியை அழைத்துப் போகும்போது தமிழ் தெரியாத மருத்துவருக்குப் பாட்டியின் வலியை எடுத்துச் சொல்வது. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் எட்டு வரியில் நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டால் எத்தனை குடும்பங்களில் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு மரியாதை கூடும் தெரியுமா?

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆறாம் வகுப்பின் முதல் பத்து உரையாடல்களில், மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் வாக்கியங்களைக் கொடுத்துவிடுங்கள். ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ ‘ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.’ ‘ஜஸ்ட் எ மினிட், லெட் மீ திங்க்.’ ‘ஐ டோன்ட் நோ த வேர்ட் ஃபார் இட், பட் இட் லுக்ஸ் லைக் திஸ்.’ சரளமாகப் பேசுகிறவருக்கும் இடையில் சொல் கிடைக்காமல் போவதுண்டு. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளை சொல் கிடைக்காவிட்டால் தரையைப் பார்க்கிறது.

ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும். 2018-இல் வரத் தொடங்கிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது, வசதி தயாராகவே இருக்கிறது. லண்டன் குரல் வேண்டாம், நம் மாநில ஆசிரியர்களே பேசட்டும். ஆனால் எழுத்தெழுத்தாக வாசிக்காமல், மனிதர்கள் பேசுவதுபோல் சொற்களைச் சேர்த்து, அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் அழுத்திப் பேசட்டும். முதல் இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்று ஆசிரியர் கையேட்டில் போட்டுவிடுங்கள். எழுத்தைப் பார்த்துவிட்டால் பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடும், வாய் கெட்டுவிடும். பொருளைத் தமிழில் சொல்லிவிடலாம். அதில் ஒரு பாவமும் இல்லை. பொருள் தெரியாமல் சொல்வதுதான் பாவம்.

நீள வாக்கியத்தைப் பழக்க எங்களில் சிலர் செய்யும் ஒரு வேலை உண்டு. வாக்கியத்தை வால் பக்கத்திலிருந்து கட்டுவது. ‘குட் யூ டெல் மீ வென் த நெக்ஸ்ட் பஸ் லீவ்ஸ்?’ என்பதை முதலிலிருந்து சொல்லச் சொன்னால் ‘டெல் மீ’ வரை கம்பீரமாக வந்து, அப்புறம் குரல் தேய்ந்துவிடும். அதனால் முதலில் ‘பஸ் லீவ்ஸ்’. பிறகு ‘த நெக்ஸ்ட் பஸ் லீவ்ஸ்’. பிறகு ‘வென் த நெக்ஸ்ட் பஸ் லீவ்ஸ்’. கடைசியாகத் தலையைச் சேர்ப்பது. ஒவ்வொரு முறையும் பிள்ளை தெரியாத இடத்தில் தொடங்கித் தெரிந்த இடத்தில் முடிக்கும், அதனால் முடிவில் குரல் ஓங்கும். இன்னொரு சௌகரியம், ‘வென் டஸ்’ என்று கேட்கப் பழகிய வாய் இங்கே ‘டஸ்’ இல்லாமல் சொல்லக் கற்றுக்கொள்கிறது. விதியைச் சொல்லவே தேவையில்லை.

அப்புறம் ஜோடி ஜோடியாக, முகம் பார்த்து, ஆள் மாற்றி, இடம் மாற்றி. நன்றாக ஏறியதும் ஒரு வரியை மாற்றச் சொல்வது. பேருந்து ரயிலாகட்டும், பாட்டி தம்பியாகட்டும். இந்த மாற்றும் வேலையை விட்டுவிட்டால் மனப்பாடம் கெட்டி தட்டிவிடும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று பழைய உரையாடலைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரே நாளில் ஐம்பது தடவை சொல்லி அதோடு விடுவதால் பயனில்லை. மறதியை அளந்து பார்த்து ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் எழுதி வைத்தது 1885-இல். நாம் இன்னும் தேர்வுக்கு முந்தின ராத்திரியை நம்பிக்கொண்டிருக்கிறோம். மேல்நிலை வகுப்புகளுக்கு, மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பிரபலமாக்கிய முறை பொருந்தும். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நாலு நிமிடம் பேச வேண்டும், அடுத்தவரிடம் மூன்று நிமிடத்தில், இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். மூன்றாவது தடவை தயக்கங்கள் உதிர்ந்துவிடுவதைக் காதாலேயே கேட்கலாம்.

45 பேர் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்ற கேள்விக்கு நம் ஊரே பதில் வைத்திருக்கிறது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1790-களில் எழும்பூரில் அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. எட்டுப் பேருக்கு ஒரு தலைவரைப் போட்டால் முடிந்தது. வகுப்பில் சத்தம் வரும். மேற்பார்வைக்கு வருகிற அதிகாரிகள் அந்தச் சத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கில ஆசிரியர்களில் கணிசமானவர்களுக்கே ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம் என்று படிப்படியாக இறங்கி வரும் பயிற்சி எங்களிடம் வந்து சேரும்போது ஒரு கையேடும் ஒரு தேநீருமாகச் சுருங்கிவிடுகிறது. 27,000 பேரை வைத்துச் செய்த காலத்திலிருந்து பாதை மாறவில்லை. எங்களுக்கும் அதே 30 உரையாடல்களைக் கொடுத்து, அதே போல் ஜோடியாக நிற்க வைத்துச் சொல்ல வையுங்கள். வேறு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

இனி தேர்வுத் துறையினருக்கு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்துக்கு, 25 செய்முறைக்கு. குடுவையைக் கையில் எடுக்காத பிள்ளைக்கு அந்த 25 கிடையாது. ஆங்கிலத்தில் 100-உம் எழுத்துக்கே. மொழிப் பாடம் ஒன்றில் வாயைத் திறக்காமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை, பாடநூலில் பேசுதல் பகுதி எத்தனை அழகாக இருந்தாலும் ஜனவரி மாதத்தில் எந்த ஆசிரியரும் அதைத் தொட மாட்டார், நான் உட்பட. 20 மதிப்பெண்ணை வாய்க்கு ஒதுக்குங்கள். தயக்கம் இருந்தால் 10-இல் தொடங்குங்கள்.

நடத்துவது கஷ்டமில்லை. படித்த உரையாடல்களிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு பேர், நாலு நிமிடம். முதல் பாதியைப் படித்தபடியே சொல்லட்டும். பிறகு தேர்வாளர் ஒரு விஷயத்தை மாற்றிவிட வேண்டும்: ரயில் இரண்டு மணி நேரம் தாமதம், மருத்துவர் நாளைக்கு வரச் சொல்கிறார், மேற்பார்வையாளர் விடுப்பு தர மாட்டேன் என்கிறார். அங்கிருந்து பிள்ளைகள் தாங்களாகப் பேசி முடிக்க வேண்டும். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். எதிரில் இருந்தவருக்குப் புரிந்ததா, பேச்சு நின்றுபோனால் மறுபடி கிளப்பத் தெரிந்ததா என்று பாருங்கள். 40 பேர் உள்ள வகுப்புக்கு 80 நிமிடம், இரண்டு பாடவேளை.

எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்பீர்கள். போடுவார்கள். செய்முறைத் தேர்வுக்கு வருவதுபோல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து நடத்தட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஏதாவது மூன்று ஜோடியைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த ஜோடி என்பதை அன்று காலையில் நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் மேல் கொஞ்சம் தாராளம் நடந்தால் நடக்கட்டும். அந்த நாலு நிமிடத்துக்காக ஆண்டு முழுக்க அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கும் இல்லையா?

மாநிலம் முழுக்க ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். ஒரு மாவட்டத்தில் ஓர் ஒன்றியம், அதில் ஒன்பதாம் வகுப்பு மட்டும். ஒன்பதில் பொதுத் தேர்வு இல்லை, தேர்ச்சி விழுக்காடு பற்றி யாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள். ஜூனில் எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள், மார்ச்சில் மறுபடியும் பதிவு செய்யுங்கள். பக்கத்து ஒன்றியத்திலும் அதே இரண்டு பதிவுகளை எடுத்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்தால் உரையாடல் எழுதவும் குரல் கொடுக்கவும் நாங்கள் சில ஆசிரியர்கள் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் வருவோம், பயணப்படி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.